தண்ணீரில் கீரைத் தோட்டம்... எதை வளர்க்கலாம், எதை விடலாம்?

சென்ற ஆண்டு மார்கழி மாதம். ராஜபாளையத்திலிருந்து ஒரு தாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள என் வைத்தியசாலைக்கு மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். முகமெல்லாம் வெளுப்பு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது என்றாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.4 கிராம்! பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

"கீரை சாப்பிடுறதுண்டா பாப்பா?" என்றேன்.

பெண் வாய் திறப்பதற்குள் தாய் முந்திக்கொண்டார். "மொட்டை மாடியில கீரைத் தோட்டமே போட்டிருக்கோம் ஐயா! மண்ணே கிடையாது, தண்ணியிலேயே வளர்க்கிறது. பைப்பு, மோட்டாருன்னு பல ஆயிரம் செலவு. பச்சைப் பசேல்னு நிக்குது!"

"என்ன கீரைம்மா?"

"லெட்யூஸ் ஐயா..."

"வீட்டுல யார் சாப்பிடுறீங்க?"

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெண்தான் சொன்னாள்: "எதிர் வீட்டுல முயல் வளர்க்கிறாங்க. அதுக்குத்தான் குடுக்கிறோம்!"

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். செலவு செய்தது இவர்கள், காலையும் மாலையும் மாடிக்கு ஏறி இறங்கியது இவர்கள், சத்து மட்டும் எதிர் வீட்டு முயலுக்கு! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த நிலைமையில், மாடியில் வளரும் கீரை வீட்டுச் சட்டிக்கு வராமல் போவது சாதாரண விஷயமா?

'ஹைட்ரோபோனிக்ஸ்' எனப்படும் மண்ணில்லாத் தோட்டம் இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. "கடையில் வாங்கும் கீரை எந்தச் சாக்கடையில் வளர்ந்ததோ" என்ற பயத்தில் பலர் இதில் இறங்குகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குழாய், மோட்டார், தொட்டி பற்றி விசாரிக்கிற அளவுக்கு, 'எந்தச் செடியை வளர்ப்பது?' என்று விசாரிப்பதில்லை. பாதித் தோட்டங்கள் ஆறு மாதத்தில் பழைய சாமான் கடைக்குப் போவது இதனால்தான்.

மோட்டார் இல்லாமலே முடியும்

தண்ணீரில் செடி வளர்ப்பது நேற்றுக் கண்டுபிடித்த வித்தையல்ல. 1860-களிலேயே ஜெர்மனியில் ஸாக்ஸ், நாப் என்ற இரண்டு அறிஞர்கள் உப்புகளைக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். 1930-களில் கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் இதைத் தக்காளிப் பயிருக்குக் கொண்டுவந்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1946-ல் டார்ஜிலிங் பக்கம் கலிம்பாங் என்ற மலை ஊரில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் ஒரு சோதனைத் தோட்டம் தொடங்கினார். விலை உயர்ந்த இயந்திரம் எதுவுமில்லாமல், சாதாரணக் குடும்பமும் செய்யும்படியாக, மணலும் சரளையும் நிரப்பிய தொட்டியில் சத்து உப்பை இட்டு நீர் ஊற்றிக் காய்கறி விளைவிப்பது அவருடைய முறை. அதற்கு 'வங்காள முறை' என்றே பெயர் வந்தது.

இன்று வீடுகளுக்கு எளிதானது, ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்ற பேராசிரியர் பரப்பிய முறை. 15 அல்லது 20 லிட்டர் பிடிக்கும், வெளிச்சம் ஊடுருவாத, மூடியுள்ள டப். மூடியில் நான்கைந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட சிறு கப். கப்புக்குள் தென்னை நார்க்கழிவு அல்லது சிறு கூழாங்கல். டப்பில் சத்துநீர், கப்பின் அடி தொடும் அளவுக்கு. அவ்வளவுதான்! மின்சாரம் வேண்டாம்.

செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உள்ள வேர்கள் ஈரக் காற்றில் நின்று சுவாசிக்கும். கீழே உள்ள வேர்கள் நீரைக் குடிக்கும். ஆகவே மட்டம் குறைந்துவிட்டதே என்று மறுபடியும் விளிம்பு வரை ஊற்றிவிடாதீர்கள். வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மூடிக்கும் நீருக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

செடியைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பெரியாழ்வார் நந்தவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெருமாளுக்கு மாலை கட்டுவதற்காகவே அவர் அந்த நந்தவனத்தை வளர்த்தார். துளசியும் பூச்செடியும் அங்கே இருந்தது அதற்காக. எதற்கு என்று தெரிந்து நட்டால்தான் அது தோட்டம். நீங்களும் விதை வாங்குவதற்கு முன் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இதை எங்கள் வீட்டில் இப்போதே சாப்பிடுகிறோமா? வாரத்தில் இரண்டு நாளாவது சட்டியில் ஏறாத கீரையை மாடியில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது: இந்தச் செடிக்குக் காலில் ஈரம் பிடிக்குமா? கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளரும் கீரைகள், தொட்டி நீரிலும் சந்தோஷமாக வளரும். வறண்ட வேலியில் படரும் மூலிகைகள் அப்படியல்ல.

மூன்றாவது: கிள்ளக் கிள்ளத் தளிர்க்குமா? ஒரு முறை பிடுங்கினால் தீர்ந்துபோகிற செடியைவிட, நுனியைக் கிள்ளினால் பத்து நாளில் மறுபடி துளிர்க்கிற செடி வீட்டுக்கு லாபம்.

நான்காவது: வீட்டில் உள்ளவர்களின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். தயவுசெய்து அதைப் படிக்காமல் நட ஆரம்பிக்காதீர்கள்.

நம்ம ஊருக்கு ஏற்ற கீரைகள்

*பொன்னாங்கண்ணி:* நான்கு கேள்விக்கும் பாஸ் மார்க் வாங்கும் கீரை இது. இயற்கையிலேயே ஈரமான இடத்தில் படர்வது. விதை வேண்டாம். நான்கைந்து கணு உள்ள தண்டை ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் சில நாட்களில் கணுவில் வேர் விடும். பிறகு கப்பில் வைத்துவிடலாம். கண்ணுக்கும் உடல் சூட்டுக்கும் உகந்தது என்று சித்த மருத்துவத்தில் பேர்பெற்ற கீரை. பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் குழந்தைகளும் சாப்பிடும். ஒரே ஒரு நிபந்தனை: சாக்கடை ஓரத்தில் படர்ந்திருப்பதைப் பறித்து வந்து நடாதீர்கள். தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து தண்டு வாங்குங்கள்.

*வள்ளைக்கீரை:* குளத்து நீரில் மிதந்து படரும் கொடி. நம் பக்கம் இதை மறந்துவிட்டோம். இலங்கையில் 'கங்குன்' என்றும், மலேசியா, சிங்கப்பூரில் 'கங்கோங்' என்றும் தினசரி சமைக்கிறார்கள். தண்ணீர்த் தோட்டத்துக்கென்றே பிறந்த கீரை! வெயிலைத் தாங்கும், வேகமாக வளரும், வெட்டினால் மறுபடி தழைக்கும். இளந்தண்டையும் பூண்டு, மிளகாய் போட்டு வதக்கலாம். நீரில் உள்ள ஈயம் போன்ற நச்சு உலோகங்களையும் இது எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சுத்தமான நீரில் மட்டுமே வளர்க்க வேண்டும். வேண்டாத கொடியைக் கண்மாயில் எறியாதீர்கள். கண்மாய் முழுக்கப் படர்ந்துவிடும்.

*தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை:* இவை வெயில் பிரியர்கள். ராஜபாளையத்து வெயிலுக்கு அஞ்சாதவை. விதைத்த நான்கு வாரத்தில் இளசாக வெட்டலாம். அரைக்கீரையை அடியோடு பிடுங்காமல் கிள்ளினால் மீண்டும் மீண்டும் தழைக்கும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து இரண்டிலும் லெட்யூஸ் இவற்றுக்குப் பக்கத்தில்கூட வராது.

*புதினா:* சந்தையில் வாங்கும் கட்டில் துவையலுக்கு இலையைக் கிள்ளிக்கொண்டு, தடித்த தண்டை நீரில் வையுங்கள். வேர் விட்டுவிடும். ஆனால் இதற்குத் தனி டப் கொடுங்கள். இதன் வேர் தொட்டி முழுவதும் பரவி, பக்கத்துச் செடியைப் பட்டினி போட்டுவிடும்.

*வெந்தயக்கீரை, கொத்தமல்லி:* இரண்டுக்கும் விதை அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முளைக்க எட்டு பத்து நாள் ஆகும், பொறுமை தேவை. கொத்தமல்லிக்குச் சூடு ஆகாது. ஐப்பசியிலிருந்து மாசி வரை போடுங்கள். சித்திரையில் போட்டால் இலை விடாமல் பூத்துப் போகும். பாலக் கீரையும் அப்படித்தான்.

*கொடிப்பசலை:* ஒரு கயிறு கட்டிவிட்டால் பால்கனிக் கம்பியில் ஏறிக்கொள்ளும். தண்டு நட்டாலே போதும். சதைப்பற்றான இலை, சாம்பாருக்கு அருமை.

*வல்லாரை:* ஈரமும் பாதி நிழலும் கேட்கும் கொடி. மாடிப்படிக்குக் கீழே வெளிச்சம் விழும் இடம் இருந்தால் அங்கே வையுங்கள். ஞாபகசக்திக்கு என்று பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு தினமும் கை நிறையக் கொடுக்கிறார்கள். அப்படி வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் துவையலாகச் சாப்பிட்டால் போதும். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

இவற்றை மண்ணுக்கே விட்டுவிடுங்கள்

முருங்கையும் கறிவேப்பிலையும் மரம். அவற்றைத் தொட்டி நீரில் வைக்க ஆசைப்படாதீர்கள். வீட்டுக் கொல்லையில் நான்கடி இடமிருந்தால் ஒரு முருங்கைக் கிளையை ஊன்றுங்கள். உங்கள் தண்ணீர்த் தோட்டம் முழுவதும் தருவதைவிட அதிகமாக அந்த ஒரு மரம் தரும்! கேரட், முள்ளங்கி போன்ற கிழங்குகளும் ஆரம்பக்காரருக்கு வேண்டாம். தக்காளியும் மிளகாயும் வளரும்தான். ஆனால் அவற்றுக்கு நல்ல வெயில், அதிகச் சத்துநீர், தாங்கு குச்சி எல்லாம் வேண்டும். கீரையில் ஓர் ஆண்டு கை பழகிய பிறகு பார்க்கலாம்.

தூதுவளை, ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவற்றைத் தொட்டியில் வளர்த்துக் கஷாயம் போடலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். மூலிகையின் வீரியம் நிலம், பருவம், பறிக்கும் பக்குவம் ஆகியவற்றைப் பொறுத்தது என்றுதான் எங்கள் கல்லூரியில் குணபாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ராஜபாளையத்து சஞ்சீவி மலையையும் வத்திராயிருப்புப் பக்கத்து சதுரகிரியையும் மூலிகைக்காகக் கொண்டாடுகிற ஊர் நம்முடையது. அந்த மலைச் செடியும் மாடித் தொட்டிச் செடியும் ஒரே அளவு மருந்து தரும் என்று நினைத்து நோய்க்குக் கொடுப்பது தவறு. தண்ணீர்த் தோட்டம் சமையலறைக்கு. மருந்துப் பெட்டிக்கு அல்ல. துளசியும் கற்பூரவல்லியும் ஒரு கொத்து வளர்த்து, தேநீரிலோ பஜ்ஜியிலோ போட்டுக்கொள்வதில் தவறில்லை!

செடிக்கும் ரத்த சோகை வரும்

நம் பகுதியில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும் அளவுக்கு உப்பு. இந்த நீரை அப்படியே ஊற்றினால், நுனியில் புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இது செடிக்கு வரும் இரும்புச் சத்துக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், தொட்டியில் இரும்பு இருக்கும்! நீரின் காரத்தன்மை கூடிவிட்டதால் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த ராஜபாளையத்துப் பெண்ணுக்கும் இதே கதைதான். "சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன குடிப்பே?" என்று கேட்டேன். "டீ!" என்றாள். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இருக்கிறது, ஆனால் சேரவில்லை. செடிக்குத் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். பெண்ணுக்கு டீயை நிறுத்த வேண்டும்.

நீரின் கார அமில அளவான பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் கீரைக்கு நல்லது. சோதிக்கும் சொட்டு மருந்தும், அளவைக் குறைக்கும் திரவமும் தோட்டக் கடைகளில் கிடைக்கின்றன. எலுமிச்சைச் சாறு ஊற்றினால் இரண்டு நாளில் பழைய நிலைக்கே போய்விடும். உப்பின் அளவான டி.டி.எஸ். 300-க்குள் இருந்தால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் மழைநீரைக் கலந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதே, அந்தக் குழாயிலிருந்து மாடி கழுவப்பட்ட பிறகு வரும் மழைநீரை மூடிய டிரம்மில் பிடித்து வையுங்கள். செடிக்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை "வீணாப் போகுதே" என்று தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். தரை கழுவப் பயன்படுத்துங்கள், கீரைக்கு வேண்டாம்.

"ரசாயன உப்பு போடுறோமே, பரவாயில்லையா?"

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. மாட்டுச் சாணம் போட்டாலும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்து நைட்ரேட் உப்பாக மாற்றிய பிறகே வேர் அதிகமாக உறிஞ்சுகிறது. தண்ணீர்த் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இல்லை. அதனால்தான் உப்பாகவே கரைத்துக் கொடுக்கிறோம். பஞ்சகவ்யத்தையோ சாணிக் கரைசலையோ தேங்கிய தொட்டி நீரில் ஊற்றினால் நாற்றம் எடுத்து வேர் அழுகுவதுதான் மிச்சம். இயற்கை உரம்தான் போடுவேன் என்பவர்கள் மண்தொட்டியிலேயே வளர்க்கலாம். அதுவும் நல்ல முறையே.

சத்து உப்பு 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டிலாக வரும். இரண்டையும் நீர் கலக்காமல் ஒன்றோடொன்று சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். முதலில் ஒன்றை டப் நீரில் ஊற்றிக் கலக்கி, பிறகு மற்றதை ஊற்றுங்கள். நாற்றுப் பருவத்தில் பாதி அளவு போதும்.

அதிக உரமும் குறைந்த வெளிச்சமும் சேர்ந்தால் இலையில் நைட்ரேட் தேங்கும். ஆகவே கீரைக்கு வெளிச்சம் அவசியம். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு சத்துநீரை எடுத்துவிட்டு வெறும் நீரில் செடியை விட்டுவைத்தால் அந்த அளவு குறையும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் கீரை மசியல் எதுவுமே வேண்டாம்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். பூச்சிமருந்து, பெயின்ட், ரசாயனம் வந்த கேன்கள் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகர டப்புகளும் வேண்டாம். அமிலத்தன்மையுள்ள சத்துநீரில் உலோகம் கரைந்து கீரைக்குள் போகும். உணவுப் பொருள் வைக்கும் தரமுள்ள பிளாஸ்டிக் டப்பே சரி.

வைத்தியர் வீட்டு மாடியில் கொசுப்புழு!

என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு நானும் ஒரு டப் வைத்தேன். இரண்டு துளைகளில் செடி செத்துப்போனது. கப்பை எடுத்துவிட்டு, அப்புறம் நடலாம் என்று துளையைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். ஒரு பெண் டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்துவிட்டு, "சார், புழு நெளியுது!" என்றார். ஊருக்கெல்லாம் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிற வைத்தியன் வீட்டில் டெங்குக் கொசு வளர்ப்பு! தலைகுனிந்து நின்றேன்.

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதைவிட, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் விரும்பி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே மூடியில் சிறு இடுக்கும் இருக்கக் கூடாது. காலித் துளையைத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ அடைத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள் மூடியைத் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் வெளிச்சம் புகாமல் பாசியும் பிடிக்காது.

சித்திரை, வைகாசியில் மாடி வெயிலில் தொட்டி நீர் சூடாகிவிடும். சூடான நீரில் பிராணவாயு குறைந்து, வேர் பழுப்பாகி அழுகும். அந்த மாதங்களில் பச்சை நிழல்வலை கட்டி, டப்புக்கு வெள்ளை அடித்து, ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் நீர் வேகமாக வற்றும். மட்டத்தைத் தினமும் பாருங்கள். ஐப்பசி மழையில் டப்பைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் புகுந்து சத்துநீரை நீர்க்கச் செய்துவிடும்.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

வீட்டில் விளைந்தது என்பதாலேயே எல்லோரும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பாதிக்கலாம். கீரைச் சாறு குடித்தால் நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் பச்சையாக அரைத்துக் குடித்துவிட்டுக் கை கால் தளர்ந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். நான் தொடாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இவர்கள் எந்தக் கீரை, எவ்வளவு என்பதைச் சிறுநீரக டாக்டரிடம் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக், தண்டுக்கீரை, பசலை போன்ற ஆக்ஸலேட் மிகுந்த கீரைகளைக் குறைக்க வேண்டும். அவர்கள் வீட்டுத் தொட்டிக்கு வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் பொருத்தம். கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி போய்விடும்.

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தோட்டம் காய்த்துவிட்டது என்று ஒரு வாரம் கீரையாகவே சாப்பிடுவதும், அடுத்த வாரம் தொடாமலே விடுவதும் ஆபத்து. கீரையிலுள்ள வைட்டமின் 'கே' மாத்திரையின் வேலையை மாற்றிவிடும். அளவு எப்போதும் ஒரே சீராக இருக்க வேண்டும். டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் கீரையை நன்றாக அலசி, வேகவைத்து, பகலிலேயே சாப்பிடுங்கள். இரவில் கீரை வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது செரிமானத்தை நினைத்துத்தான். சமைத்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

அவளுக்கு ரத்த சோகைக்கான மருந்து கொடுத்தேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தேன். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்று பார்க்க ஒரு பெண் டாக்டரிடமும் அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8-ஐ ஒட்டி இருக்கும்போது கீரையை மட்டும் நம்பி உட்காருவது தவறு. மருந்து ஏற்றியதைக் காப்பாற்றி வைப்பதுதான் கீரையின் வேலை.

தாயிடம் ஒன்றுதான் சொன்னேன். "அம்மா, லெட்யூஸை எடுத்துட்டு, உங்க அம்மா வீட்டுல என்ன கீரை சமைப்பாங்களோ அதைப் போடுங்க." சிறிது யோசித்துவிட்டு, "அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஐயா" என்றார்.

சித்திரையில், பரீட்சை முடிந்து மறுபடி வந்தார்கள். ஹீமோகுளோபின் 11.3. இன்னும் 12-ஐத் தொடவில்லை, ஆனால் கண் இமையில் சிவப்பு திரும்பியிருந்தது. மாடியில் எட்டுத் துளை அரைக்கீரை, எட்டுத் துளை பொன்னாங்கண்ணி, ஒரு தனி டப்பில் புதினா. வாரத்தில் மூன்று நாள் சட்டியில் ஏறுகிறதாம்.

நீங்களும் பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு டப், நீங்கள் சாப்பிடுகிற ஒரு கீரை, ஒரு மாதம். அது சட்டிக்கு வந்த பிறகு அடுத்த டப் வாங்கலாம்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "எதிர் வீட்டு முயல் என்ன பண்ணுது பாப்பா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இப்ப முத்தின தண்டு மட்டும்தான் டாக்டர்!" என்றாள்.